நூலும் மூலதனமும்: மொண்டடோரிப் பதிப்பகத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

ஒரு மொழியின் இலக்கிய வரலாற்றை எழுதப் புகுவோர் ஆசிரியர்களைப் பற்றியும் அவர்தம் ஆக்கங்களைப் பற்றியும் விரிவாகப் பேசுவர். அவ்வாக்கங்களை அச்சிட்டவர் யாவர், அதற்கான பணம் எங்கிருந்து வந்தது, அவை என்ன விலைக்கு எவர் கைக்குச் சென்றன என்னும் வினாக்கள் பெரும்பாலும் அடிக்குறிப்புகளிலேயே நின்றுவிடுகின்றன. ஆயின் கையெழுத்துப் பிரதி நூலாக மாறுமிடம் பதிப்பகமே. அங்குதான் சிந்தனை பண்டமாகின்றது. எழுத்தாளன் சந்தையைச் சந்திக்கின்றான். அரசு எழுத்தாளனைச் சந்திக்கின்றது. ஆகவே ஒரு பெரும் பதிப்பகத்தின் வரலாறு, அது இயங்கிய சமூகத்தின் வரலாறாகவும் அமைந்துவிடுகின்றது.

இக்கருத்தை ஆராய்வதற்கு இத்தாலி நல்லதொரு களமாகும். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் வெனிசு நகரிலே அல்டுஸ் மனூசியஸ் அச்சுக்கூடம் நிறுவி, கையடக்கமான சிறு நூல்களை வெளியிட்டு, ஐரோப்பியப் பதிப்புத் தொழிலுக்கே முன்னோடியாக விளங்கினார். எனினும் நவீன காலத்தில், எண்ணற்ற வாசகரை நோக்கிய பதிப்புத் தொழில் இத்தாலியில் மிகவும் பிந்தியே தோன்றியது. அதனைத் தோற்றுவித்தவர்களுள் முதன்மையானவர் ஆர்னோல்டோ மொண்டடோரி. ஒரு சிற்றூர் அச்சகத்தில் தொடங்கிய அவரது நிறுவனம், இருபதாம் நூற்றாண்டின் முடிவுக்குள் இத்தாலியின் மிகப் பெரிய பதிப்பகமாகியது. அவ்வளர்ச்சியின் படிகளையும், ஒவ்வொரு படியிலும் அது கொண்ட அதிகார உறவுகளையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்னணி

1861இல் இத்தாலி ஒரே அரசாக ஒன்றுபட்டபோது அதன் மக்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் எழுத வாசிக்க அறியாதவர்கள். பொதுமொழியாகக் கொள்ளப்பட்ட இத்தாலியன் ஒரு சிறுபான்மையோரின் பேச்சு மொழியாகவே இருந்தது. ஏனையோர் தத்தம் வட்டார மொழிகளையே பேசினர். இத்தகைய நாட்டில் நூல் என்பது கற்றோர் குழாத்தின் உடைமையாக இருந்ததில் வியப்பில்லை. வட இத்தாலியிற் கைத்தொழில் வளர்ந்து, நகரங்களிலே எழுதுவினைஞர், ஆசிரியர், சிறு வணிகர் ஆகியோரைக் கொண்ட நடுத்தர வர்க்கம் பெருகியபோதுதான் நிலைமை மாறத் தொடங்கிற்று. மிலானில் எமிலியோ திரெவெஸ் நிறுவிய பதிப்பகம் அக்காலத்தில் முதன்மை பெற்றது. எட்மொண்டோ டி அமீச்சிஸ் எழுதிய 'இதயம்' என்னும் பாடசாலைக் கதைநூலை 1886இல் வெளியிட்டு அது பெருவெற்றி கண்டது. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போது எழுத்தறியாதோர் தொகை நூற்றுக்கு நாற்பதளவிற்குக் குறைந்திருந்தது. புதிய வாசகர்கள் தோன்றிவிட்டனர். அவர்களுக்கான நூல்களே இன்னும் தோன்றவில்லை.

ஒஸ்டீலியாவிலிருந்து மிலானுக்கு

ஆர்னோல்டோ மொண்டடோரி 1889 நவெம்பர் 2ஆம் திகதி மாந்தோவா மாகாணத்துப் பொஜ்ஜோ ரூஸ்கோ என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஊரூராகச் சென்று சப்பாத்துத் தைப்பவர். ஆரம்பக் கல்வியோடு பாடசாலையை விட்ட ஆர்னோல்டோ, போ ஆற்றங்கரையில் உள்ள ஒஸ்டீலியா என்னும் சிறு பட்டினத்தில் அச்சுவேலையுடன் கூடிய ஒரு காகிதாதிக் கடையில் வேலைக்கமர்ந்தார். 1907இல் அங்கிருந்தே 'ஒளி' என்னும் பொருள்படும் பெயரில் சமதர்மச் சார்புடைய ஒரு சிறு பத்திரிகையை அச்சிட்டு வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது பதினெட்டும் நிரம்பவில்லை. 'சமூகத்தவள்' என்று பொருள்படும் 'லா சொசியாலே' என்பதே அவர் தம் அச்சகத்துக்கு முதலிற் சூட்டிய பெயராகும். பிற்காலத்தில் இத்தாலிய முதலாளித்துவத்தின் தூண்களுள் ஒன்றாக விளங்கிய நிறுவனம், உழைப்பாளர் அறிவு பெறவேண்டும் என்னும் சமதர்ம ஆர்வத்திற் கருக்கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

1911-12ஆம் ஆண்டுகளில் பத்திரிகையாளரும் நாடகாசிரியருமான தொமாசோ மொனிசெல்லியின் நூலொன்றே அவரது முதல் நூல் வெளியீடாக அமைந்தது. மொனிசெல்லியின் தங்கையையே 1913இல் ஆர்னோல்டோ மணம் புரிந்தார். அதனைத் தொடர்ந்து சிறுவருக்கான 'விளக்கு' என்னும் நூல்வரிசை வெளிவந்தது. பாடசாலையே பதிப்பாளரின் உறுதியான சந்தை என்பதை அவர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார். கதைநூல் விற்கலாம், விற்காமலும் போகலாம்; பாடநூலோ ஆண்டுதோறும் விற்றே தீரும்.

முதலாம் உலகப்போர் பல அச்சகங்களை நலிவித்தது. மொண்டடோரிக்கோ அது வாய்ப்பாயிற்று. போர்முனைக்கு அண்மையிலுள்ள வெரோனாவில் அச்சகம் கொண்டு, போர்வீரருக்கான பத்திரிகைகளை அவர் அச்சிட்டார். 1918இல் மூன்றாம் படைப்பிரிவிற்காக வெளிவந்த 'லா திரதொத்தா' இவற்றுட் குறிப்பிடத்தக்கது. பதுங்குகுழியிலிருந்த விவசாயி மகனுக்குச் சித்திரமும் நகைச்சுவையும் கலந்த இப்பத்திரிகைகள் வாசிப்புப் பழக்கத்தை ஊட்டின. அதேவேளை படைத்துறையின் பெருந்தொகையான அச்சுவேலை நிறுவனத்திற்கு வேண்டிய மூலதனத்தையும் தொடர்புகளையும் அளித்தது.

போர் முடிந்தபின் 1921இல், செனத்தோரே பொர்லெத்தி என்னும் மிலான் தொழிலதிபரின் முதலீட்டோடு நிறுவனம் பங்குக் கம்பனியாக விரிவடைந்து மிலானைத் தலைமையிடமாகக் கொண்டது. பொர்லெத்தி 'லா ரினஷெந்தே' என்னும் பெரும் பல்பொருள் அங்காடியோடு தொடர்புடையவர். துணிமணிகளைப் பெருந்தொகையாக விற்பதற்குப் பயன்பட்ட வணிக அறிவு நூல் விற்பனைக்கும் வந்து சேர்ந்தது. இன்னொன்றும் இவ்விடத்துக் கவனிக்கத்தக்கது. பதிப்பாளர்கள் பொதுவாகப் பிறர் அச்சகங்களிலேயே நூல்களை அச்சிடுவிப்பர். மொண்டடோரியோ வெரோனாவிற் சொந்த அச்சாலை வைத்திருந்தார். பொறிகள் ஓய்ந்து நின்றால் நட்டம். ஆதலின் அவை ஓயாது உண்பதற்குத் தாள்களும் தலைப்புகளும் வேண்டியிருந்தன. பாடநூல், சஞ்சிகை, துப்பறியும் கதை, சித்திரக்கதை என அவர் எல்லாத் துறைகளிலும் கால் வைத்தமைக்கு அச்சாலையின் இப்பசியும் ஒரு காரணமாகும்.

பாசிச அரசும் பதிப்பாளரும்

1922இல் முசோலினி ஆட்சிக்கு வந்தார். தாம் இளமையிற் சார்ந்திருந்த சமதர்ம இயக்கம் நசுக்கப்படுவதைக் கண்டபோதும் மொண்டடோரி புதிய ஆட்சியோடு இணங்கிச் செல்லவே தலைப்பட்டார். 1926இல் மார்கரீத்தா சர்பாத்தி எழுதிய முசோலினியின் வாழ்க்கை வரலாற்றை 'தூக்ஸ்' என்னும் பெயரில் வெளியிட்டார். அது பெருந்தொகையாக விற்பனையாகி, தலைவர் வழிபாட்டிற்கு அடித்தளமிட்ட நூல்களுள் ஒன்றாயிற்று. அதே ஆண்டில் கவிஞர் கபிரியேல் டனுன்சியோவின் ஆக்கங்கள் அனைத்தையும் வெளியிடுவதற்கென அரசின் ஆதரவோடு ஒரு தேசிய நிறுவனம் அமைக்கப்பட்டது. அப்பணி மொண்டடோரியிடம் வந்து சேர்ந்தது. ஹான்ஸ் மார்டர்ஸ்டைக் என்னும் ஜேர்மானிய அச்சுக்கலைஞர் தமது கையச்சகத்தை வெரோனாவிற்குக் கொணர்ந்து, 1927 முதல் 1936 வரை 49 தொகுதிகளாக அவற்றை அச்சிட்டார். அச்சுக்கலையின் சிகரங்களுள் ஒன்றென இப்பதிப்பு இன்றும் போற்றப்படுகின்றது. கலையழகும் அரசியல் இலாபமும் ஒரே தாளில் அச்சாகலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று காண்பதரிது.

1929ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி ஆரம்பப் பாடசாலைகள் அனைத்திற்கும் அரசே தயாரித்த ஒரே பாடநூல் விதிக்கப்பட்டது; 1930இலிருந்து அது நடைமுறைக்கு வந்தது. பாடநூலை நம்பி வாழ்ந்த பதிப்பகங்கள் பல இதனால் அடியுண்டன. பெரும் அச்சாலையையும் அரசின் நல்லெண்ணத்தையும் ஒருங்கே கொண்டிருந்த மொண்டடோரியோ அந்நூல்களை அச்சிடும் பணியிற் பங்கு பெற்றார். பலருக்கு இழப்பாக வந்த சட்டம் அவருக்கு ஊதியமாயிற்று.

மறுபுறம், 1938ஆம் ஆண்டின் இனச்சட்டங்கள் திரெவெஸ் பதிப்பகத்தின் கதையை முடித்துவைத்தன. யூதக் குடும்பத்தினரால் நிறுவப்பெற்று, ஒரு தலைமுறையின் இலக்கியத்தையே உருவாக்கிய அந்நிறுவனம் அல்டோ கர்சாந்தியின் கைக்கு மாறிப் பெயரும் இழந்தது. முசோலினியின் புகழ்பாடிய சர்பாத்தியும் யூதக் குலத்தவரே. அவரும் அதே 1938இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. தலைவரைப் பற்றிய அவரது நூல் அவரைக் காக்கவில்லை.

மஞ்சள் அட்டையும் மெடூசாவும்

ஆட்சியோடு இணங்கிச் சென்ற ஒரு பதிப்பாளர் என்பதோடு மொண்டடோரியை மதிப்பிட்டு முடித்துவிடுவோமாயின் அது வரலாற்றுக்கு நீதியாகாது. அதே காலப்பகுதியில் அவர் இத்தாலிய வாசகருக்கு உலக இலக்கியத்தின் கதவையும் திறந்துவைத்தார்.

1929இல் மஞ்சள் அட்டையுடன் துப்பறியும் நாவல் வரிசை ஒன்றை அவர் தொடங்கினார். அமெரிக்கரான எஸ். எஸ். வான் டைனின் நாவல் முதலாவதாக வந்தது. எட்கார் வலஸ், அகதா கிறிஸ்ரி முதலியோர் தொடர்ந்து வந்தனர். 1931இல் அலெஸ்ஸாந்திரோ வரால்டோ எழுதிய நாவல் இவ்வரிசையில் இடம்பெற்ற முதல் இத்தாலிய ஆக்கமாகும். மஞ்சள் என்பதற்கான இத்தாலியச் சொல் 'ஜல்லோ'. காலப்போக்கில் அச்சொல்லே துப்பறியும் கதையைக் குறிக்கும் பொதுச்சொல்லாகிவிட்டது. ஒரு பதிப்பகத்தின் அட்டை நிறம் ஒரு மொழிக்கு இலக்கிய வகையின் பெயரை வழங்கியமை அரிய நிகழ்ச்சியே. குற்றமற்ற சமூகமாகத் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பிய ஆட்சிக்குக் கொலையும் விசாரணையும் நிறைந்த இக்கதைகள் உவப்பாயில்லை. 1941இல் இவ்வரிசை நின்றுபோயிற்று. போர் முடிந்த பின்னரே மீண்டும் உயிர்பெற்றது.

1933இல் தொடங்கிய 'மெடூசா' வரிசை இதனினும் ஆழமான விளைவுகளை உடையது. பிரெஞ்சு எழுத்தாளர் அலேன் ஃபூர்னியேயின் நாவலோடு தொடங்கிய இவ்வரிசையில் ஹெர்மன் ஹெஸ்ஸே, வேர்ஜீனியா வுல்ப், பேர்ள் பக், அல்டஸ் ஹக்ஸ்லி, தோமஸ் மான் முதலியோர் இத்தாலிய மொழியில் வலம் வந்தனர். தேசியத் தன்னிறைவு பேசிய பாசிச இத்தாலி, 1930களில் மொழிபெயர்ப்பு நூல்களை மிகுதியாக வெளியிட்ட ஐரோப்பிய நாடுகளுள் ஒன்றாக இருந்தமை ஒரு முரண். 1934 முதல் நூல்கள் விற்பனைக்கு முன்னரே அதிகாரிகளின் பார்வைக்குச் செல்ல வேண்டியிருந்தன. ஆயினும் மெடூசா தொடர்ந்தது. அதனால் அக்காலத்து இளைஞர் பலர் மூடிய அறையொன்றில் இருந்தபடியே வெளியுலகின் குரலைக் கேட்டனர். மொழிபெயர்ப்பாளரின் பணியும் இங்கு நினைவுகூரத்தக்கது. பின்னர் பெரும் நாவலாசிரியராக விளங்கிய எலியோ வித்தோரினி, ஆங்கில நாவல்களை மொழிபெயர்த்தே அந்நாளிற் சீவனம் நடத்தினார்.

இதே பத்தாண்டிற் சஞ்சிகைத் துறையும் விரிந்தது. 1935இல் வால்ட் டிஸ்னியின் மிக்கி எலியை இத்தாலியப் பெயரான 'தொப்பொலீனோ' என்பதோடு புளோரன்சு நகரப் பதிப்பாளர் ஒருவரிடமிருந்து மொண்டடோரி பெற்றுக்கொண்டார். 1938இல் பெண்களுக்கான 'கிராசியா' வெளிவந்தது. 1939இல் மகன் அல்பேர்ட்டோவின் பொறுப்பில் 'தெம்போ' என்னும் சித்திர வாரசஞ்சிகை தொடங்கிற்று. நூல் ஈட்டித் தராததைச் சஞ்சிகை ஈட்டியது. சஞ்சிகை தராத மதிப்பை நூல் தந்தது. இவ்விரட்டைக் கால்களே நிறுவனத்தைத் தாங்கின.

பின்னைய போட்டியாளர் சிலரும் இவரது பணிமனையிலேயே தொழில் பயின்றனர். வலந்தீனோ பொம்பியானி மொண்டடோரியின் செயலாளராகப் பணியாற்றி, விலகி, 1929இல் தமது சொந்தப் பதிப்பகத்தை நிறுவினார். அப்பதிப்பகத்தின் பெயர் இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் வரும்.

போருக்குப் பின்

நேசநாடுகளின் குண்டுவீச்சினால் மிலான் சிதைவுற்றபோது நிறுவனத்தின் தலைமையகம் மஜ்ஜோரே ஏரிக்கரையிலுள்ள அரோனாவிற்கு இடம்பெயர்ந்தது. 1943 செப்டெம்பரில் ஜேர்மனியர் வட இத்தாலியைக் கைப்பற்றியதும் ஆர்னோல்டோ சுவிற்சர்லாந்திற்குச் சென்றார். 1945இல் திரும்பி வந்து நிறுவனத்தை மீளக் கட்டியெழுப்பினார். பாசிச ஆட்சியோடு கொண்டிருந்த உறவு அவருக்கு நீடித்த இடையூறாக அமையவில்லை. இத்தாலியக் கைத்தொழில் முதலாளிகள் பலரின் கதையும் இதுவே. ஆட்சி வீழ்ந்தது, பொறிகளும் உரிமையாளரும் நிலைத்தனர்.

புதிய காலத்தின் அதிகார மையம் உரோமாபுரியில் மட்டுமன்றி வாஷிங்டனிலும் இருந்தது. மார்ஷல் திட்டக் கடனுதவியினால் அமெரிக்க அச்சுப்பொறிகள் வெரோனாவிற்கு வந்தன. 1950இல் அமெரிக்காவின் 'லைப்' சஞ்சிகையை முன்மாதிரியாகக் கொண்டு 'எப்போகா' வெளிவந்தது. 1952இல் 'ஊரானியா' என்னும் விஞ்ஞானப் புனைகதை வரிசை தொடங்கியது. 1960இல் தபால் மூலம் நூல்களை அனுப்பும் வாசகர் கழகம் ஒன்று அமைக்கப்பட்டது. நூற்கடை எதுவுமற்ற சிற்றூர்களில் வாழ்ந்தோரும் இதனால் நூல்களைப் பெற்றனர். 1962இல் ஒரு அமெரிக்க நிறுவனத்தின் கூட்டோடு தொடங்கிய 'பனோரமா' 1967இல் செய்தி வாரசஞ்சிகையாக மாறிப் பெருஞ் செல்வாக்குப் பெற்றது.

கவிதைத் துறையில் 'கண்ணாடி' எனப் பொருள்படும் 'லோ ஸ்பெக்கியோ' வரிசையில் உங்கரெத்தி, குவசிமோடோ, மொந்தாலே ஆகிய பெருங்கவிஞர்கள் இடம்பெற்றனர். குவசிமோடோ 1959இலும் மொந்தாலே 1975இலும் நோபல் பரிசு பெற்றனர். எனினும் பெருநிறுவனத்தின் கண்ணுக்கும் சில தப்பின. சிசிலியைச் சேர்ந்த தொமாசி டி லம்பெடூசா 'சிறுத்தை' என்னும் தமது ஒரே நாவலை மொண்டடோரிக்கு அனுப்பியபோது, அங்கே ஆலோசகராக இருந்த வித்தோரினியின் கருத்தினால் அது ஏற்கப்படாது போயிற்று. ஆசிரியர் 1957இல் இறந்தார். மறு ஆண்டு பெல்திரினெல்லிப் பதிப்பகம் வெளியிட்ட அந்நாவல் இத்தாலிய இலக்கியத்தின் பெருவெற்றிகளுள் ஒன்றாயிற்று. பல்வேறு பதிப்பகங்கள் ஒரு நாட்டில் இயங்குவது ஏன் இன்றியமையாதது என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒன்றே போதும். ஒரு கதவு மூடினும் வேறொரு கதவு திறந்திருந்தது.

350 லீரா

நிறுவனத்தின் வரலாற்றில் மிகவும் பெருமைக்குரிய நாள் எதுவெனக் கேட்பின், 1965 ஏப்பிரல் 27 எனலாம். அன்றுதான் 'ஒஸ்கார்' என்னும் மலிவுப் பதிப்பு வரிசையின் முதல் நூல் வெளிவந்தது. ஹெமிங்வேயின் 'போரே நீ போ' எனத் தமிழிற் பெயர் கூறத்தக்க நாவல் அது. விலை 350 லீரா. நூற்கடைகளில் மட்டுமன்றிப் பத்திரிகை விற்கும் தெருவோரக் கடைகளிலும் வாரந்தோறும் ஒரு நூலாக இவ்வரிசை விற்பனைக்கு வந்தது. புகைவண்டி நிலையத்திற் பத்திரிகை வாங்கும் தொழிலாளி, அதே கையால் உலக நாவல் ஒன்றையும் வாங்கினான். முதல் நூல் விரைவிலேயே விற்றுத் தீர்ந்து மீண்டும் மீண்டும் அச்சாயிற்று.

இந்நாவல் முதல் உலகப்போரிலே இத்தாலியப் படையின் பின்வாங்கலைச் சித்திரித்தமையால் பாசிசக் காலத்தில் இத்தாலியிற் தடைசெய்யப்பட்டிருந்தது. 'தூக்ஸ்' நூலை வெளியிட்ட அதே நிறுவனம், அந்தத் 'தூக்ஸ்' தடைசெய்த நாவலையே நாற்பதாண்டுகளுக்குள் நாட்டின் ஒவ்வொரு தெருமுனைக்கும் கொண்டுசென்றது. நிறுவனத்திற்கு மனச்சான்று உண்டாயிற்று என்று இதனைக் கொள்ளவேண்டியதில்லை. வாசகரே மாறியிருந்தனர். 1950களின் இறுதியிலிருந்து ஏற்பட்ட பொருளாதார வளர்ச்சி தொழிலாளர் கைகளிற் சிறிது பணத்தை விட்டுவைத்தது. 1962 டிசெம்பரில் நிறைவேறிய சட்டம் பதினான்கு வயது வரையான இடைநிலைக் கல்வியை எல்லாருக்கும் ஒரே வகையாக்கியது. வாசிக்கத் தெரிந்த, வாங்கக் கூடிய புதிய தலைமுறை ஒன்று உருவாகியிருந்தது. சந்தையைக் கண்டு நூலை மலிவாக்கியவர் பதிப்பாளர். ஆயின் அச்சந்தையை ஆக்கியது பொதுக்கல்வியே என்பதை நாம் மறத்தலாகாது.

1969இல் செம்பதிப்புகளுக்கான 'மெரிடியானி' வரிசை உங்கரெத்தியின் கவிதைத் தொகுதியோடு தொடங்கியது. 1971 யூன் 8ஆம் திகதி ஆர்னோல்டோ காலமானார். சப்பாத்துத் தைப்பவரின் மகன் விட்டுச்சென்றது ஒரு பேரரசாகவே இருந்தது. மிலானுக்கு அண்மையிலுள்ள செக்ராத்தேயில் பிரேசில் நாட்டுக் கட்டடக் கலைஞர் ஒஸ்கார் நீமெயர் வடிவமைத்த புதிய தலைமையகம் 1975இற் திறக்கப்பட்டது. நீர்நிலையின் நடுவே, ஒன்றுக்கொன்று அகலம் வேறுபட்ட வளைவுகளின்மேல் நிற்கும் அம்மாளிகை நிறுவனத்தின் அந்நாளைய தன்னம்பிக்கையின் சின்னமாகும்.

ஐனாவுடி: இன்னொரு வழி

மொண்டடோரியின் வரலாற்றைச் சரிவர எடைபோட, அதற்கு நேரெதிராக வளர்ந்த பதிப்பகம் ஒன்றையும் நோக்குதல் வேண்டும். 1933 நவெம்பரில் இருபத்தொரு வயதினரான ஜூலியோ ஐனாவுடி தூரின் நகரில் தமது பதிப்பகத்தைத் தொடங்கினார். அவரது தந்தையார், பின்னர் குடியரசின் ஜனாதிபதியாக விளங்கிய பொருளியலாளர் லுயிஜி ஐனாவுடி. மகனைச் சூழ்ந்திருந்தோர் பாசிச எதிர்ப்பு இளைஞர். அவர்களுள் லியோன் கின்ஸ்பேர்க், பாசிச ஆட்சிக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்துப் பல்கலைக்கழகப் பதவியை இழந்தவர். 1935இல் செசாரே பவேசே கைதாகித் தென் இத்தாலியில் ஒரு கடற்கரை ஊருக்கு நாடுகடத்தப்பட்டார். 1944 பெப்ரவரியில் உரோமாபுரிச் சிறையில் சித்திரவதையினால் கின்ஸ்பேர்க் உயிர்நீத்தார். நூல் வெளியிடுதல் உயிரைப் பணயம் வைக்கும் செயலாகவும் இருக்கக்கூடும் என்பதை இவர்களது வாழ்க்கை காட்டிற்று.

போருக்குப் பின் அந்தோனியோ கிராம்ஷியின் சிறைக் கடிதங்களையும் குறிப்பேடுகளையும் உலகிற்கு அளித்தது இப்பதிப்பகமே. பவேசே, இத்தாலோ கல்வினோ, நத்தாலியா கின்ஸ்பேர்க் ஆகியோர் அங்கு எழுத்தாளராக மட்டுமன்றி ஊழியராகவும் இருந்தனர். வாரந்தோறும் கூடிய ஆலோசனைக் கூட்டத்தில் நூல்களின் விதி முடிவாயிற்று. விற்பனை அங்கே முதல் அளவுகோலாகக் கொள்ளப்படவில்லை.

ஆயின் அளவுகோலிற் சேர்க்கப்படாத கணக்கு ஒருநாள் வாசலில் வந்து நின்றது. பல்லாண்டுக் கடன் முற்றி, 1983-84இல் ஐனாவுடி அரசு நியமித்த ஆணையாளரின் பொறுப்பில் விடப்பட்டது. அதன்பின் கைமாறிக் கைமாறி, 1990களின் முற்பகுதிக்குள் படிப்படியாக மொண்டடோரிக் குழுமத்தினுள் வந்து சேர்ந்தது. கொள்கையைக் காத்த பதிப்பகம் கணக்கைக் காக்கவில்லை. கணக்கைக் காத்த பதிப்பகம் அதனை வாங்கிக்கொண்டது.

செக்ராத்தேப் போர்

ஆயினும் அக்காலத்தில் மொண்டடோரி என்பதே யாருடையது என்னும் வினா எழுந்துவிட்டது. நிறுவுநரின் மக்களிடையே ஒற்றுமை நிலவவில்லை. மூத்த மகன் அல்பேர்ட்டோ 1958இலேயே தனிப் பதிப்பகம் நிறுவியிருந்தார். இளையவர் ஜோர்ஜியோ 1976இல் விலகினார். மருமகன் மாரியோ பொர்மெந்தோன் தலைமையேற்றார். அவ்வாண்டு ஜனவரி 14இல் எவுஜெனியோ ஸ்கல்பாரியை ஆசிரியராகக் கொண்டு 'லா ரெபுப்ளிக்கா' என்னும் தினசரி தொடங்கியபோது மொண்டடோரி அதிற் சரிபாதிப் பங்காளியாக இருந்தது. 1982இல் தொலைக்காட்சித் துறையிலும் 'ரெத்தே குவாத்ரோ' என்னும் அலைவரிசையோடு புகுந்தது. அம்முயற்சி பெருநட்டத்தில் முடிந்து, 1984இல் அலைவரிசை சில்வியோ பெர்லுஸ்கோனிக்கு விற்கப்பட்டது. கட்டட நிர்மாணத்திலும் தனியார் தொலைக்காட்சியிலும் செல்வம் ஈட்டிய அவர், விற்றவரின் வீட்டிற்குள்ளேயே பின்னர் நுழைந்தார்.

1987இல் பொர்மெந்தோன் இறந்தபின் குடும்பப் பங்குகள் பிளவுற்றன. ஒலிவெத்தி நிறுவனத்தின் தலைவரான கார்லோ டி பெனெடெத்தியும் பெர்லுஸ்கோனியும் நிறுவனத்தின் ஆளுமைக்காக மோதினர். தமது பங்குகளை டி பெனெடெத்திக்கு விற்பதாக ஒப்பந்தம் செய்திருந்த பொர்மெந்தோன் குடும்பத்தினர் 1989இல் பெர்லுஸ்கோனியின் பக்கம் சாய்ந்தனர். 1990 ஜனவரியில் அவர் தலைவரானார். அவ்வாண்டு யூனில் நடுவர் மன்றம் டி பெனெடெத்திக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. 1991 ஜனவரியில் உரோமாபுரி மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை இரத்துச் செய்தது. ஏப்பிரலில் ஏற்பட்ட இணக்கத்தின்படி 'லா ரெபுப்ளிக்கா', 'லெஸ்பிரெஸ்ஸோ' ஆகியன டி பெனெடெத்திக்கும், நூற் பதிப்பகமும் 'பனோரமா' முதலிய சஞ்சிகைகளும் பெர்லுஸ்கோனிக்கும் ஆயின.

அம்மேன்முறையீட்டுத் தீர்ப்பு இலஞ்சத்தால் வாங்கப்பட்டது என்பது 2007 யூலையில் அதியுயர் நீதிமன்றத்தால் இறுதியாக உறுதிப்படுத்தப்பட்டது. தீர்ப்பெழுதிய நீதிபதி வித்தோரியோ மெத்தாவும் பெர்லுஸ்கோனியின் சட்டத்தரணியும் முன்னாள் அமைச்சருமான செசாரே பிரெவித்தியும் தண்டிக்கப்பட்டனர். பெர்லுஸ்கோனி மீதான குற்றவழக்கு காலாவதி விதியினால் முன்னரே முடிவுற்றிருந்தது. எனினும் உரிமையியல் வழக்கில் 2013இல் அவரது நிறுவனம் ஏறத்தாழ 494 மில்லியன் யூரோ நட்டஈடு செலுத்த வேண்டியதாயிற்று. பணம் கைமாறியது, பதிப்பகம் கைமாறவில்லை.

1994இல் பெர்லுஸ்கோனி பிரதமரானார். நாட்டின் மிகப் பெரிய பதிப்பாளரும் ஆட்சித் தலைவரும் ஒருவராகவே இருக்கும் நிலை தோன்றிற்று. அக்குழுமம் அவரோடு கருத்து மாறுபட்ட பலரின் நூல்களையும் தொடர்ந்து வெளியிட்டது என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். விற்பனையாகும் எதிர்ப்பு வணிகத்திற்கு உகந்ததே. ஆயின் எல்லையும் இருந்தது. நோபல் பரிசு பெற்ற போர்த்துக்கேய எழுத்தாளர் ஜோசே சரமாகோ பெர்லுஸ்கோனியைக் கடிந்தெழுதிய பகுதிகளைக் கொண்ட குறிப்பேட்டை, அவரது நூல்களை அதுகாறும் வெளியிட்டுவந்த ஐனாவுடி 2009இல் வெளியிட மறுத்தது. கின்ஸ்பேர்க்கின் உயிரால் எழுந்த பதிப்பகத்தில் இது நிகழ்ந்தது என்பதே துயர் தருவது. வேறொரு பதிப்பகம் அதனை வெளியிட்டது.

2015 ஒக்டோபரில் போட்டிக் குழுமமான ஆர்.சி.எஸ். நிறுவனத்தின் நூற்பிரிவை 127.5 மில்லியன் யூரோவுக்கு வாங்க மொண்டடோரி ஒப்பந்தம் செய்தது. ரிட்சோலி, பொம்பியானி முதலிய பழைய பெயர்கள் ஒரே கூரையின்கீழ் வரவிருந்தன. உம்பேர்த்தோ எக்கோ முதலிய எழுத்தாளர்கள் வெளிப்படையாக எதிர்த்தனர். அவ்வாண்டிலேயே எலிசபெத்தா ஸ்கார்பியும் எக்கோவும் வேறு சிலரும் 'தெசேயுவின் கப்பல்' என்னும் புதிய பதிப்பகத்தை நிறுவினர். சில மாதங்களில், 2016 பெப்ரவரியில், எக்கோ காலமானார். போட்டிகாப்பு அதிகாரசபை பொம்பியானியையும் மர்சீலியோவையும் விற்றுவிடுமாறு நிபந்தனை விதித்தது. அவற்றை விட்டுக்கொடுத்த பின்னரும் நாட்டின் பொது நூற்சந்தையிற் கால்பங்கிற்கு மேற்பட்டது இக்குழுமத்தின் வசமே இருந்தது. 2023 யூனில் பெர்லுஸ்கோனி இறந்தார். அவரது மகள் மரீனா 2003இலிருந்தே நிறுவனத்தின் தலைமையை ஏற்றிருந்தார்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஒன்று தெளிவாகும். முதல் உலகப்போரின் படைத்துறை, பாசிச அரசின் பாடநூல், மார்ஷல் திட்டத்தின் கடன், தொலைக்காட்சி மூலதனம் என ஒவ்வொரு காலத்தின் வலிமையோடும் மொண்டடோரி நிறுவனம் உறவு கொண்டே வளர்ந்தது. தொடக்கத்தில் நிறுவனம் அதிகாரத்தைப் பயன்படுத்தியது. இறுதியில் அதிகாரமே நிறுவனத்தை உடைமையாக்கிக் கொண்டது.

இதனால் பெருநிறுவனம் தீது, சிறு பதிப்பகம் நன்று என்ற எளிய முடிவுக்கு வருதல் பொருந்தாது. 350 லீரா நூலைச் சிறு பதிப்பகம் எதுவும் நாடெங்கும் பரப்பியிருக்க இயலாது. தொழிலாளியின் கையில் ஹெமிங்வேயைக் கொடுத்தது வெரோனாவின் பேரச்சாலையே. அதேவேளை கிராம்ஷியின் குறிப்பேடுகளைத் துணிந்து வெளியிட அத்தகைய அச்சாலை முன்வந்ததில்லை. பரப்பும் வலிமையும் தெரிவு செய்யும் துணிவும் ஒரே இடத்தில் அரிதாகவே சேர்கின்றன. ஆதலின் ஒரு சமூகத்தின் அறிவு நலனுக்குப் பதிப்பகங்கள் பலவாக இருத்தலும், அவற்றின் உடைமை சிலர் கையிற் குவியாதிருத்தலும், வாசகரை உருவாக்கும் பொதுக்கல்வி தளராதிருத்தலும் வேண்டும். 'சிறுத்தை'யும் சரமாகோவின் குறிப்பேடும் வாசகரைச் சென்றடைந்தது இன்னொரு கதவு திறந்திருந்தமையாலேயே.

நூலைக் கையிலெடுக்கும்போது ஆசிரியர் பெயரை நோக்கும் நாம், அட்டையின் அடியிலுள்ள சிறிய பெயரையும் நோக்கப் பழகவேண்டும். அப்பெயரின் பின்னால் ஒரு நூற்றாண்டின் வரலாறு இருக்கக்கூடும்.